கராச்சித் தெருவில் கலவா மீன்

2008-ஆம் ஆண்டு டிசம்பரில் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் என் மதிப்பு திடீரென்று ஏறியது. புதுக்கடைக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளியில் நான் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சரைத் தேடி டியூஷனுக்கு வருவார்கள், இங்கிலீஷ் சாரைத் தேடி மனு எழுத வருவார்கள், பூகோள டீச்சரைத் தேடி ஒருவரும் வருவதில்லை. மும்பைக்குள் கடல் வழியாக ஆயுதங்களோடு வந்தவர்கள் அத்தனை பேரைக் கொன்றுபோட்ட பிறகு, தொலைக்காட்சியில் எந்நேரமும் போர்ப் பேச்சாகவே இருந்தது. யாரிடம் என்ன ஏவுகணை இருக்கிறது, அணுகுண்டைச் சுமந்துகொண்டு அது எவ்வளவு தூரம் போகும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான், "நமக்கு எட்டுமா?"

அட்லஸை விரித்து, தையல் டீச்சரிடம் நூல் வாங்கி அளந்து காட்டினேன். ஒரு சேனல் சொன்ன தூரத்துக்கு வெட்டிய நூல் கோழிக்கோட்டுப் பக்கம் நின்றுவிட்டது. இன்னொரு சேனல் சொன்ன தூரத்துக்கு வெட்டிய நூல் எங்களைத் தாண்டி, இலங்கையையும் தாண்டி, வெறும் கடலில் போய்க் கிடந்தது. முதல் நூலை நம்புவது என்று ஆசிரியர் அறை ஏகமனதாக முடிவு செய்தது. "இந்தியாவுக்க வாலில கெடக்கதுக்கு இப்பிடியும் ஒரு கொணம் உண்டு" என்றார் தமிழ் சார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நூலுக்கு அடியில் கிடந்த ஊர்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு இடத்தின் பெயர் காதில் விழுந்தால் அது எங்கே இருக்கிறது, அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. என் கணவர் அப்போது சார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். அவரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் ஒரே சமையலறையில் முறைவைத்துச் சமைத்தார்கள். அவர்களில் ஒருவர் கராச்சிக்காரர், கம்பெனி லாரி ஓட்டுபவர். ஃபோன் வரும்போதெல்லாம் நான் கராச்சியைப் பற்றித்தான் கேட்பேன். அங்கே தேங்காய் காய்க்குமா, வீட்டில் என்ன மீன் வாங்குவார்கள், மழை எந்த மாதத்தில் வரும். "கெட்டினவனுக்கு சொகமாண்ணு கேக்க மாட்டா, கராச்சியில மழையாண்ணு கேப்பா" என்று கணவர் சலித்துக்கொள்வார்.

ஜனவரி பிறந்ததும் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி படித்தேன். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒவ்வொரு புத்தாண்டு நாளிலும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்களாம். சண்டை வந்தால் அவற்றைத் தாக்குவதில்லை என்று ஓர் ஒப்பந்தம். அந்த ஆண்டும், அவ்வளவு கோபத்துக்கு நடுவிலும், பட்டியல் கைமாறியிருந்தது. ஒவ்வொரு நிலையமும் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஒரு பூகோள டீச்சருக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன வேண்டும்? பத்தாம் வகுப்பில் அன்று பாடத்தை விட்டுவிட்டு இதைத்தான் பேசினேன்.

அந்த வாரம்தான் என்னையும் ஒருவர் தேடி வந்தார். புதுக்கடைச் சந்தையில் மீன் விற்கும் அக்கா அவர். அவரிடம்தான் நான் மீன் வாங்குவேன், அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள். மதிய இடைவேளையில் பள்ளி வராந்தாவில் நின்றவர், மடியிலிருந்து பாலிதீன் பையில் சுற்றிய ஒரு நோட்டை எடுத்தார்.

"டீச்சர், நீங்க மேப்பு படிப்பிக்கிய டீச்சர்தானே? இத ஒண்ணு பாத்துச் சொல்லணும்."

அவருடைய கணவர், நான் அண்ணன் என்று அழைப்பவர், ஆழ்கடல் தூண்டில் படகு ஒன்றை நடத்துபவர். பத்து ஆட்களோடு குஜராத் பக்கம் போய், மாதக்கணக்கில் கடலில் கிடந்து கலவா மீனும் சுறாவும் பிடித்து வருவார்கள். மும்பைக்கு வந்த கொலைகாரர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதில்தான் வந்தார்கள் என்பதால், அந்த மாதங்களில் கடலில் போகும் ஒவ்வொரு படகின் மேலும் சந்தேகம் இருந்தது. இவர்கள் ஊர் திரும்பும் வழியில், பக்கத்துத் துறைமுகத்தில் அதிகாரிகளின் சோதனை நடந்திருக்கிறது. ஸ்டியரிங்குக்கு அடியில் எண்களால் நிறைந்த ஒரு நோட்டு அகப்பட்டிருக்கிறது. என்ன இது என்று கேட்டதற்கு, "மீன் பிடிக்கிய எடம்" என்று மட்டும் சொன்ன அண்ணன், அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. படகைக் கட்டிப்போட்டுவிட்டு, வரும் திங்கட்கிழமைக்குள் ஒழுங்கான விளக்கம் தராவிட்டால் வழக்குப் பதிவாகும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"நோட்டு கடல்ல நனஞ்சு போனா என்ன செய்யதுண்ணு அவிய எப்பவும் ரெண்டா எழுதி வெப்பாவ. ஒண்ணு ஆபீசருக்க கையில. மத்ததாக்கும் இது."

"அடிச்சாங்களா அக்கா?"

"இல்ல டீச்சர். நாற்காலி போட்டு இருக்கச் சொல்லி மரியாதையாத்தான் கேட்டாங்களாம். அதாக்கும் எனக்கு இன்னும் பயம்."

மாலையில் சாப்பாட்டு மேசையில் அட்லஸையும் நோட்டையும் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பது வரிக்கு மேல் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் முதலில் ஒரு பெயர், பிறகு எண்கள். 'மாமியார், 25-02, 67-05, 46.' 'கிணறு, 25-00, 67-10, 44.' 'பல்லுவலி' என்றுகூட ஒன்று இருந்தது. கடலுக்கடியில் பாறை மேடாக இருக்கும் இடத்தை 'பார்' என்பார்கள், அங்கேதான் மீன் கூடும். தான் கண்டுபிடித்த பார்களுக்கு அவர் வைத்த பெயர்கள் அவை. ரகசியச் சொல்லைத் தேடும் அதிகாரிக்கு 'மாமியார்' எப்படித் தோன்றியிருக்கும் என்று நினைத்துத் தனியாகச் சிரித்தேன். முதல் இரண்டு எண்களும் அட்சரேகை, தீர்க்கரேகை என்பது பார்த்ததுமே தெரிந்தது. பென்சிலால் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தேன்.

பத்தாவது புள்ளியில் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாப் புள்ளிகளும் கராச்சியில் விழுந்தன. கராச்சிக் கடலில்கூட இல்லை, நகரத்துக்குள்ளும் அதன் ஓரங்களிலும், தரையில். போர் வரும் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருக்கும் வேளையில், எதிரி நாட்டின் பெரிய நகரத்தின் மேல் நாற்பது புள்ளிகள் என் சாப்பாட்டு மேசையில் கிடந்தன. அதிகாரிகளும் இதே புள்ளிகளை வைத்துப் பார்த்திருப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

பயந்தவள் புத்தகத்தை மூடிவைத்திருக்க வேண்டும். எனக்கோ பயத்தைவிட அறியும் ஆசை ஒரு படி மேலே நின்றது. வெள்ளிக்கிழமை கணவருக்கு விடுமுறை நாள். அவர் அழைத்ததும் நான்கு வரிகளை மட்டும் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

"உங்க லேப்டாப்பில சேட்டிலைட் மேப்பு உண்டுல்லா? இந்த நாலு எடத்தையும் போட்டு, அங்க என்ன இருக்குண்ணு உங்க கராச்சிக்காரருகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப அழைத்தார். "மொதல் எடம் ஒரு தண்ணி டேங்கு. ரெண்டாமத்தது சந்த. மூணாமத்தது பெண்பிள்ளியளுக்க பள்ளிக்கூடம். நாலாமத்தது ஒரு குடியிருப்பு. அதுக்க அடுத்த தெருவிலயாக்கும் அவருக்க தங்கச்சி வீடு."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போது எனக்கு உண்டானது சந்தோஷம். அட்லஸில் ஒரு கறுப்புப் புள்ளியாக இருந்த நகரத்துக்குள் ஒரு தெரு தெரிந்தது, அதில் ஒரு தங்கச்சி வீடு இருந்தது. தங்கச்சிக்குப் பிள்ளைகள் உண்டா என்றும் கேட்டேன்.

"உண்டு, உண்டு. நீ எதுக்குக் கேக்கண்ணு அவரு கேக்காரு" என்றார் கணவர்.

"சும்மாண்ணு சொல்லுங்க."

அந்த ஒரு சொல்லை எத்தனையோ நாள் நினைத்து என்னையே திட்டியிருக்கிறேன். விசாரணையில் இருக்கும் ஒரு நோட்டைப் பற்றி ஃபோனில் உளறக் கூடாது என்றுதான் 'சும்மா' என்றேன். அது எனக்குப் புத்திசாலித்தனமாகவே பட்டது.

மறுநாள் நோட்டை மறுபடி எடுத்தேன். அதுவரை நான் கவனிக்காத கடைசி எண்ணில் கண் நின்றது. 46, 44, 49, 45. எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல. கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவளுக்கு இது உடனே தெரிந்திருக்க வேண்டும். அது ஆழம். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம், கடலின் ஆழத்தை அந்தப் பாகத்தில்தான் அவர்கள் சொல்வார்கள். கராச்சிப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாற்பது பாகத்துக்கு மேல் ஆழம் எப்படி வரும்? ஆழம் உண்மையென்றால் இடம் பொய். ஏன் பொய்யாக எழுதினார் என்பதை அவரிடமே கேட்டுவிடலாம் என்று பஸ் ஏறினேன்.

தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில், சுனாமிக்குப் பிறகு கட்டிய காலனி வீடு. அண்ணன் வாசலில் உட்கார்ந்து தூண்டில் முள்ளைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தார். படகைக் கட்டிப்போட்டிருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. என்னைக் கண்டதும் எழுந்தவர், என் கையில் நோட்டைப் பார்த்துவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அக்கா உள்ளே போய்விட்டார்.

"அண்ணே, இந்த எடமெல்லாம் கராச்சியில வருது. கராச்சியில நீங்க எப்பிடி ஆழம் பாத்தீங்க?"

அவர் முகத்தில் ஒரு மாற்றம். எங்கே விழுகிறது என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது தெரிந்துவிட்டது.

"கராச்சியிலயா?" என்றார்.

"பொய்க் கணக்கு எழுதினா எங்கயாவது போய் விழத்தானே செய்யும்?"

மறுபடி உட்கார்ந்து, ஒரு முள்ளைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினார். படகில் வேலைக்கு வருகிறவர்கள் அடுத்த முறை வேறு படகுக்குப் போவார்கள். நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போனால், அடுத்த தடவை அந்தப் பாரில் நமக்கு முன்னால் பத்துப் படகு நிற்கும். அதனால் நல்ல பாயிண்ட், அதாவது மீன் கூடும் இடம், வைத்திருக்கும் யாரும் உள்ளபடி எழுதுவதில்லை. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு கணக்கைச் சேர்த்துத்தான் எழுதுவார்கள்.

"அத அந்த ஆபீசருகிட்ட சொல்லப்பிடாதா?"

"சொன்னா கணக்கு என்னண்ணு கேப்பாரு. அங்க நாலு பேரு நிப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள கடப்புறம் முழுக்க அறிஞ்சிரும். பதினெட்டு வருசம் டீச்சர். ஈயத்தக் கயித்தில கெட்டி எறக்கி, ஒவ்வொரு பாராத் தடவிக் கண்டுபிடிச்சது. வழக்கு வந்தா நான் ஒருத்தன் உள்ள போவேன். பாயிண்டு போச்சுண்ணா எனக்க கூட வாற பத்து வீடும் போச்சு."

அதிகாரியிடம் நான் தனியாகப் பேசுகிறேன், அவருக்கு மட்டும் சொல்கிறேன், பேப்பரில் எதையும் விட்டுவிட்டு வர மாட்டேன் என்று கெஞ்சினேன். உள்ளேயிருந்து அக்கா, "சொல்லிப்போடுங்க, பிள்ளைக்க டீச்சராக்கும்" என்றார். அவர் கையிலிருந்த முள்ளைக் கீழே வைத்தார்.

"மொதல் எண்ணில அஞ்சு கூட்டினேன். ஆண்டவருக்க அஞ்சு திருக்காயம். மத்ததில மூணு கொறச்சேன். பிதா, சுதன், ஆவி."

"பிதாவையும் சுதனையும் கழிக்கதுக்கு உங்களுக்கு எப்பிடி மனசு வந்தது?" என்றேன். நான் சீர்திருத்த சபைக்காரி. கத்தோலிக்கர்களைச் சீண்டுவது எங்கள் வீட்டில் பரம்பரை வழக்கம்.

முதல் தடவையாகச் சிரித்தார். "திரும்ப எடத்துக்குப் போகும்ப கூட்டிரலாம்லா." பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "இது எனக்கும் அவளுக்கும் மட்டும் அறியிய காரியம். இப்பம் நீங்க மூணாமத்த ஆளு. அத மறக்கப்பிடாது" என்றார்.

மறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து முதல் எண்ணில் ஐந்தைக் குறைத்து, இரண்டாவதில் மூன்றைக் கூட்டிப் புள்ளி வைத்தேன். நாற்பதும் குஜராத் கரைக்குத் தெற்கே, நம் கடலுக்குள் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தன. அணு நிலையப் பட்டியல் எழுதிக் கொடுத்தவர்களும் இப்படி ஐந்தைக் கூட்டியிருப்பார்களோ என்று ஒரு குறுகுறுப்பு வந்தது. ஒருவரையொருவர் நம்பாதவர்கள் கொடுத்துக்கொண்ட பட்டியல் அது. பொய் சொல்லாமல் எழுதுவதுதான் இருவருக்கும் பாதுகாப்பு என்று யாரோ ஒருவர் அவர்களை நம்பவைத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை துறைமுகத்தில் அதிகாரியின் அறைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பேசினேன். மதுரைப் பக்கத்துக்காரர். முழுக்கக் கேட்டார். மேசைக்கு அடியிலிருந்து கடல் வரைபடம் ஒன்றை எடுத்து விரித்தார். ஏதோ ஐந்து வரிகளை அவரே தேர்ந்தெடுத்து, நான் சொன்னபடி திருத்தி, வரைபடத்தில் இருந்த ஆழத்தையும் நோட்டில் இருந்த ஆழத்தையும் ஒத்துப்பார்த்தார். ஒன்றிரண்டு பாகம்தான் வித்தியாசம். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதை மேல அனுப்பியிருந்தேன்னா எத்தனை மேசைக்குப் போயிருக்கும் தெரியுமா டீச்சர்? ஒவ்வொரு மேசையிலயும் ஒருத்தர் பயந்திருப்பார். பயந்தவர் அடுத்த மேசைக்கு இன்னும் கொஞ்சம் பெருசாக்கி அனுப்பியிருப்பார்."

கணக்கு எழுதிய தாளை என் கண் முன்னாலேயே சுக்கல் சுக்கலாகக் கிழித்தார். அவர் வாயிலிருந்து அந்தக் கணக்கு வெளியே போகவில்லை, இன்றுவரை எனக்கு அதில் சந்தேகமில்லை. அன்று மாலையே படகை விட்டார்கள். இரவு கணவர் அழைத்தபோது, அண்ணன் தன் நோட்டில் மீன் பிடிக்கும் இடங்களை மாற்றி எழுதியிருந்த கதையைச் சொன்னேன், கணக்கை மட்டும் சொல்லவில்லை. வியாழக்கிழமை விடியற்காலை கடலுக்குக் கிளம்புவதாக அக்கா சந்தையில் சொல்லி, ஒரு பெரிய விளமீனைக் கட்டாயமாக என் பையில் போட்டார்.

புதன்கிழமை பள்ளி விட்டு வந்ததும் ஃபோன் அடித்தது. கணவர் வேலை நேரத்தில் அழைப்பவர் அல்ல.

"ஏட்டி, நீ என்ன வேல பாத்து வெச்சிருக்க?"

அந்த வெள்ளிக்கிழமையே கராச்சிக்காரர் தன் தங்கைக்கு ஃபோன் செய்திருக்கிறார். இந்தியாவிலிருந்து ஒருத்தி நம் நகரத்தில் நான்கு இடங்களை அளந்து கேட்கிறாள், அதில் ஒன்று உன் அடுத்த தெரு, காரணம் கேட்டால் சும்மா என்கிறாள் என்று சொல்லியிருக்கிறார். குண்டு போடப்போகும் இடங்களின் பட்டியல் எப்படியோ என் கையில் கிடைத்திருக்கிறது, நேராகச் சொல்ல முடியாமல் நல்ல மனதோடு எச்சரிக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். எனக்கு அவர் நன்றிகூடச் சொல்லியிருந்தார். தங்கை குடும்பம் ஏழு பேரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தொலைவில் ஒரு கிராமத்துக்குப் போய்விட்டார்கள். அதைப் பார்த்து அந்தத் தெருவில் இன்னும் இரண்டு வீடுகள் பூட்டப்பட்டன. கிராமத்தில் தங்கையின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். பக்கத்தில் டாக்டர் இல்லை. நகரத்துக்குத் திரும்பவும் பயம்.

"மீன் பிடிக்கிய எடம்ண்ணு சொல்லுங்க" என்றேன்.

"சொல்லாம இருப்பேனா? 'எனக்க தங்கச்சி வீட்டு வாசல்ல என்ன மீன்'ண்ணு கேக்காரு. ஆறுதலுக்குச் சொல்லுதேன்ண்ணு நெனைக்காரு. எடம் எப்பிடி மாறிச்சுண்ணு கணக்குக் காட்டாம அந்த மனுசன் நம்ப மாட்டாரு."

அரை மணி நேரம் கழித்துக் கூப்பிடுங்கள் என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். அண்ணன் வீட்டில்தான் இருந்தார், மறுநாள்தான் கிளம்புகிறார். பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். கணவரை இன்னும் இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொன்னால் போதும். நான் போகவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. கேட்டால் அவர் கூடாது என்றுவிடுவார், அதற்குப் பிறகு என்னால் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது என்று பயந்தேன். கேட்காமல் இருந்தால் அந்தச் சங்கடம் இல்லை.

ஃபோன் மறுபடி அடித்தது. அஞ்சைக் குறையுங்கள், மூன்றைக் கூட்டுங்கள் என்று சொன்னேன். கராச்சிக்காரருக்கு மட்டும் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

கராச்சிக்காரர் தன் கையாலேயே லேப்டாப்பில் நான்கு இடத்தையும் மாற்றிப் போட்டுப் பார்த்தாராம். தங்கை வீட்டுத் தெரு நழுவி இந்தியக் கடலுக்குள் விழுந்ததைக் கண்டதும் சிரித்துச் சிரித்து, பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாராம். அந்த வாரமே மூன்று வீடுகளும் திறந்தன. குழந்தைக்கு மருந்து கிடைத்துத் தேறிவிட்டது. தங்கை எனக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். போரும் வரவில்லை. நான் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் என்று சொல்லி முடியாது.

கணவர் மறந்துபோனது ஒன்றுதான். அவர்கள் பேசியது எல்லோருக்கும் பொதுவான சமையலறையில். அன்று அடுப்பில் மீன் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவர் எங்கள் கடற்கரைக்காரர், அண்ணன் ஊருக்கு அடுத்த ஊர். அவருக்கு ஊரில் இரண்டு தம்பிகள், இரண்டு பேருக்கும் படகு உண்டு. அண்ணனின் நோட்டு, அஞ்சு, மூணு என்று காதில் விழுந்ததற்கு அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை, தம்பிகளுக்குச் சொல்லிவிட்டார். அண்ணனோடு முன்பு வேலைக்குப் போய் நோட்டைப் பார்த்து எழுதிவைத்திருந்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர். அவர்களிடம் எண்கள் இருந்தன. கணக்கு மட்டும்தான் இல்லாமல் இருந்தது.

மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வந்த நேரம் அண்ணன் வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், அவரும் பூசை முடித்து நேராக வந்திருக்க வேண்டும். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மாமியாருக்க மேல பன்னெண்டு படகு நிக்குது. கிணத்தில ஒன்பது. தூண்டில் எறக்க எடமில்ல. நாப்பது நாள் கெடந்து பாதி ஐஸ்பெட்டிகூட நெறையாம வந்தோம்."

நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நான் எனக்க பெஞ்சாதியச் சந்தேகப்பட்டேன் டீச்சர். ரெண்டு நாளு அவகிட்ட மிண்டல்ல, ஒரு வார்த்த பேசல்ல. அவ பைபிளத் தொட்டுச் சத்தியம் பண்ணினா. பெறவுதான் உங்கள நெனச்சேன். நெனச்சதுக்கு எனக்கு வெக்கமாவும் இருந்தது."

"நான்தான் அண்ணே" என்றேன். கராச்சித் தெரு, பூட்டின வீடுகள், காய்ச்சல், சமையலறை, எல்லாவற்றையும் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை. அவர் நின்றபடியே கேட்டார்.

"எத்தற பேரு அந்த வீட்டில?"

"ஏழு பேர்."

"பிள்ளைக்கு இப்பம் சொகமா?"

"சொகம்."

தலையை ஆட்டினார். செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கினார். அவர் அப்படியே போய்விடுவதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வசவாவது வாங்கிக்கொண்டால் மனம் ஆறும் போலிருந்தது.

"அண்ணே, நான் அண்ணைக்கு உங்ககிட்ட வந்து கேட்டிருந்தா நீங்க சம்மதிச்சிருப்பீங்களா?"

அவர் திரும்பி நின்று, நிஜமாகவே யோசித்தார்.

"அது எனக்கும் அறியாது டீச்சர். இனி ஒருநாளும் அறியவும் முடியாது" என்றார்.